கேட்காமலே வாசித்த ஆறு வருஷம்



மலர்க் குழுவிலிருந்து வந்து, "உனக்குத்தான் மிருதங்கம் வருமே, அதைப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடு" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் நான் வாசித்துக் கேட்டவர்கள் இல்லை. கேட்டிருந்தால் இவ்வளவு மரியாதையாகக் கேட்டிருக்க மாட்டார்கள்! இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். எனக்கு மிருதங்கம் வரும் என்று எழுதப் போவதில்லை. எனக்கு எப்படி வராமல் இருந்தது, அப்புறம் என்ன ஆயிற்று என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

எனக்கு ஊர் சேத்தியாத்தோப்பு. வெளி மாவட்டத்திலிருந்து வந்து விடுதியில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: கும்பகோணம் பஸ்ஸில் போகும்போது "குறுக்கு ரோடு எல்லாம் எறங்கு" என்று கண்டக்டர் கத்துவாரே, அங்கேதான். ஒரு பக்கம் வெள்ளாற்று அணைக்கட்டு. ஒரு பக்கம் எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை. 2004-லிருந்து வீராணம் ஏரித் தண்ணீர் எங்கள் ஊர் வழியாகத்தான் குழாயில் சென்னைக்குப் போகிறது. ராத்திரி மொட்டை மாடியில் ஏறி நின்றால் நெய்வேலிப் பக்கம் வானம் வெளுத்துத் தெரியும். 1956-ல் நிலக்கரி நிறுவனம் வந்த நாளிலிருந்து இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் பாதிக்கு நாள் என்பது சூரியனைப் பார்த்து விடிவதில்லை, ஷிஃப்டைப் பார்த்துத்தான் விடியும். எங்கள் வீடும் அப்படித்தான். அப்பா சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்து, பழையது சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் மத்தியானம் வரை தூக்கம்.

இதில் மிருதங்கம் எங்கிருந்து வந்தது? எங்கள் பரம்பரையில் யாரும் மேளம் தொட்டவர்கள் இல்லை. எட்டாவது படிக்கும்போது புவனகிரிப் பக்கத்தில் ஒரு வாத்தியார் பஜனை மடத்தில் பிள்ளைகளுக்குச் சும்மா சொல்லிக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, அம்மா கொண்டுபோய் விட்டார். என் குறும்பு தாங்காமல்தான் விட்டார் என்று அக்கா இன்றைக்கும் சொல்லுவாள். மூன்று வருஷம் கழித்து அப்பா போனஸ் பணத்தில் ஒரு பழைய மிருதங்கம் வாங்கிக் கொடுத்தார். கட்டை பண்ருட்டிப் பலா. நம் மாவட்டத்துப் பலாப்பழம் ஊருக்கெல்லாம் தெரியும். அந்த மரம் கச்சேரி மேடை ஏறுவது நம்மிலேயே பலருக்குத் தெரியாது.

ஆறு வருஷம் வாசித்தேன். எப்படி வாசித்தேன் என்று கேளுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசித்தேன். ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரம். கை தீர்மானம் போட்டுக்கொண்டிருக்கும், மனசு கிரிக்கெட் ஸ்கோரில் இருக்கும். பாலிடெக்னிக் சேர்ந்த பிறகு மனசு என்ஜினியரிங் டிராயிங் ஷீட்டில் இருந்தது. கை மட்டும் வேகமாகிக்கொண்டே போனது. வேகம்தானே கெட்டிக்காரத்தனம்? கேட்கிறவர்களும் வேகமாக வாசித்தால்தான் கை தட்டினார்கள்.

முதலாம் ஆண்டில் ஃபிட்டிங் ஷாப் ஞாபகம் இருக்கிறதா? எம்.எஸ். ஃபிளாட்டை வைஸில் பிடித்து, அரத்தால் ராவி, ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போமே. வெறி பிடித்த மாதிரி ராவியவன் ஜாப் எல்லாம் நடுவில் தொப்பை வைத்திருக்கும், இரண்டு ஓரமும் தேய்ந்திருக்கும். என் ஜாபும் அப்படித்தான். சார் அதைத் தூக்கிக் காட்டி, "தம்பி, அரம் பேசுறது காதுல விழலியா?" என்றார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். என் மிருதங்கமும் அந்தத் தொப்பை ஜாப் மாதிரிதான் இருக்கிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உறைத்தது அந்த மார்கழியில். புவனகிரி தாண்டி ஒரு கிராமத்துப் பஜனை மடத்தில் ஒரு பாட்டுக் கச்சேரி. வாத்தியார் போக வேண்டியது. "நீ வாசிடா, நான் பக்கத்துல ஒக்காந்துக்கறேன்" என்று என்னை மேடையில் ஏற்றிவிட்டார். தனி ஆவர்த்தனம் ஒன்றுக்காக மூன்று வாரம் ஒரு கோர்வையை உருப்போட்டு வைத்திருந்தேன். ஆதி தாளம். எட்டு அட்சரம். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த தாளம். ஆனால் கூட்டத்தைப் பார்த்ததும் கை ஓட ஆரம்பித்துவிட்டது. பாடகர் தொடையில் தாளம் போட்டுக் காட்டுகிறார். நான் பார்க்கவில்லை. கோர்வையைப் பிரமாதமாக முடித்து, தலையை நிமிர்த்திப் பார்த்தால், நான் முடித்த இடத்தில் யாருமே இல்லை! ஒன்றரை அட்சரம் முன்னாலேயே போய் இறங்கிவிட்டேன். அந்த மனிதர் பெருந்தன்மையாக ஒன்றுமே நடக்காதது போலப் பல்லவியை எடுத்துப் பாடி என்னைக் காப்பாற்றினார். முன் வரிசையில் ஒரு பெரியவர் மட்டும் பக்கத்துக்காரரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அந்தக் கண் சிமிட்டல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

திரும்பும்போது புவனகிரி பஸ் நிலையத்தில் வாத்தியார் டீ வாங்கிக் கொடுத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு,

"இன்னைக்கு வாசிச்சியே, அது உனக்குக் கேட்டுதா?" என்றார்.

"என்ன சார், நான்தானே வாசிச்சேன்?"

"அதான் கேக்குறேன்."

பதில் சொல்லத் தெரியவில்லை. சேத்தியாத்தோப்பு பஸ் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து மிருதங்கத்தை உறையில் போட்டுப் பரணில் ஏற்றினேன். நாலு மாதம் இறக்கவில்லை. செமஸ்டர் பரிட்சை, லேப் ரெக்கார்டு என்று சொல்லிக்கொள்ளக் காரணங்களுக்கா பஞ்சம்?

இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். வீட்டுக்கு அனுப்பும்போது மூன்று மாதம் வேலைக்குப் போகக் கூடாது, வெயில் கூடாது, கனம் தூக்கக் கூடாது, அதிர்ந்து பேசவும் கூடாது என்றார்கள். ஒப்பந்த வேலையில் மூன்று மாதம் வேலை இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று உங்களில் நிறையப் பேருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. படிப்பை விட்டுவிட்டு ஏதாவது வேலைக்குப் போகலாமா என்று யோசித்தேன். அக்கா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள். அவள் தையல் மெஷினை நம்பி அந்த மூன்று மாதம் ஓடியது. கல்லூரி விட்டு வந்ததும் அப்பா பக்கத்தில் இருப்பது என் வேலை.

அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. ஒரு சாயங்காலம் பரணைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தவர் திடீரென்று கேட்டார்:

"என்னாடா, ரொம்ப நாளா சத்தத்தையே காணோம்?"

"உங்களுக்குத் தூக்கம் கெடும்னு அம்மாதான் எப்பவும் திட்டுவாங்களே!"

"யாருக்குத் தூக்கம் கெட்டுச்சு? அது நின்ன பொறவுதான் பகல்ல தூக்கம் வரல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வருஷமாக நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, என் தப்பும் தவறுமான சத்தத்தைக் கேட்டபடியேதான் அந்த மனிதர் தூங்கியிருக்கிறார். நான் கேட்காததை அவர் கேட்டிருக்கிறார்.

மிருதங்கத்தை இறக்கினேன். பெட்டியில் நாலு மாதம் கிடந்த தோல் மாதிரியே இருந்தது. அதிரக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. ஆகவே மெதுவாகத்தான் வாசிக்க வேண்டும். நண்பர்களே, மிருதங்கத்தை ஓங்கி அடிப்பது சுலபம். மெதுவாக வாசித்துப் பாருங்கள், வண்டவாளம் எல்லாம் தண்டவாளத்தில் ஏறிவிடும். ஓங்கி அடிக்கும்போது சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டிருந்த குற்றமெல்லாம் வெளியே வந்து நிற்கும். முதலில் வெளியே வந்தது சுருதி. வலந்தலையில் வாரைக் கோத்திருக்கும் கண்கள் பதினாறு. பதினாறு இடத்திலும் தட்டினால் ஒரே சுருதி பேச வேண்டும். என்னுடையதில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊர்ப் பேச்சு பேசியது. ஆறு வருஷமாக வாத்தியார்தான் சேர்த்துக் கொடுப்பார், நான் வாங்கி வாசிப்பேன். கல்லும் கட்டையும் எடுத்து, கூடுகிற இடத்தில் கீழிருந்தும் குறைகிற இடத்துக்கு மேலிருந்தும் தட்டித் தட்டிச் சேர்க்க முதல் நாள் முழுதாக ஒரு மணி நேரம் ஆயிற்று. வாசிக்கவே இல்லை. அப்பா தூங்கிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாத்தியாரைப் போய்ப் பார்த்தேன். நாலு மாதம் ஏன் வரவில்லை என்று கேட்கவே இல்லை. அப்பாவைப் பற்றி விசாரித்தார். பிறகு உள்ளே போய் ஒரு பை நிறையப் புளியங்கொட்டை கொண்டு வந்தார்.

"நூறு இருக்கு. இடது பக்கம் குவிச்சு வையி. தா தீ தொம் நம். அதை மட்டும் ஒரு ஆவர்த்தனம் வாசி. நிறுத்து. அந்த எட்டுத் தட்டும் உன் காதுல விழுந்துச்சுன்னா ஒரு கொட்டையை வலது பக்கம் தள்ளு. நடுவுல மனசு வேற எங்கியாச்சும் போயிருந்தா தள்ளாத. பொய் சொல்லாத, நான் வந்து பாக்கப் போறதில்ல."

தா தீ தொம் நம்! எட்டாவது படிக்கும்போது முதல் நாள் போட்ட பாடம். இரண்டாம் ஆண்டு டிப்ளமா படிக்கிறவனுக்கு மறுபடியும் ஒன்றாம் வகுப்பு அரிச்சுவடி. எரிச்சலாக இருந்தது. ஆனால் மறுத்துப் பேசும் தகுதி எனக்கு இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிஷத்துக்கு நாற்பது தட்டு வீதம் விளம்பமாக வாசித்தால் எட்டுத் தட்டுக்குப் பன்னிரண்டு விநாடி. நூறு ஆவர்த்தனத்துக்கு இருபது நிமிஷம். கொட்டை தள்ளும் நேரத்தையும் சேர்த்தால் அரை மணி. ஒரு மணி நேர சாதகத்தை விட இது லாபம்தான் என்று நினைத்தேன். முதல் நாள் முடிவில் வலது பக்கம் பதினொரு கொட்டை. நூற்றுக்குப் பதினொன்று! எந்தப் பாடத்திலும் நான் இவ்வளவு குறைந்த மதிப்பெண் வாங்கியதில்லை, மேத்ஸ் டூ உட்பட.

மனசு எங்கெங்கே போகிறது என்று அப்போதுதான் பார்த்தேன். மூன்றாவது தட்டில் மருந்துக் கடைக் கணக்கு. ஐந்தாவது தட்டில் அந்தப் பெரியவரின் கண் சிமிட்டல். சில சமயம் "பரவாயில்லையே, இந்தத் தடவை மனசு ஓடவில்லையே" என்று நினைத்துக்கொண்டே அந்த ஆவர்த்தனத்தைக் கோட்டை விட்டேன்! அதை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று வாத்தியாருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "தள்ளாத" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இரண்டாவது வாரத்தில் ஒரு விஷயம் நடந்தது. 'தொம்' என்பது இடது கையில் தொப்பியைத் திறந்து வாசிக்கிற சொல். வாசிப்பதற்கு முன் தொப்பி நடுவில் ரவையைத் தண்ணீரில் பிசைந்து அப்ப வேண்டும், அப்போதுதான் கனத்த நாதம் வரும். (அம்மா உப்புமா ரவை குறைகிறது என்று புலம்புவது தனிக் கதை.) அந்தத் தொம்மை வாசித்துவிட்டுக் கையை எடுத்தால், அது உடனே நிற்பதில்லை. கொஞ்ச நேரம் நிற்கிறது, பிறகு மெல்ல இறங்கி அடங்குகிறது. அந்த அடங்குகிற இடத்தை ஆறு வருஷத்தில் நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. எப்படிக் கேட்பேன்? அது அடங்குவதற்குள் அடுத்த நாலு தட்டுத் தட்டியிருப்பேனே! அன்றைக்குக் கேட்டேன். பெரிய ரகசியம் ஒன்றை யாரோ என் காதில் மட்டும் சொன்ன மாதிரி இருந்தது. கட்டிலிலிருந்து அப்பா, "அதை இன்னொரு தரம் போடு" என்றார். அவருக்கும் அதே தொம்தான் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு அரிச்சுவடி எரிச்சல் போய்விட்டது. சாயங்காலம் எப்போது வரும் என்று ஆனது. 'நம்' வாசிக்கும்போது மோதிர விரல் கரணை ஓரத்தில் பட்டும் படாமலும் நிற்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் நாதம் செத்துவிடும், எடுத்துவிட்டால் சிதறிவிடும். அந்த 'பட்டும் படாமலும்' என்பதற்கு வெர்னியரில் அளவு கிடையாது. காதுதான் அளவு.

இங்கே நம் முதலாமாண்டு இயற்பியலைக் கொஞ்சம் இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சாதாரணத் தோல் கருவியைத் தட்டினால் அடிப்படை ஒலியோடு மேலொலிகளும் பிறக்கும். அவை 1, 1.59, 2.14 என்று ஒன்றோடொன்று ஒட்டாத விகிதத்தில் இருக்கும். அதனால்தான் அதில் ஓசை வரும், ஸ்வரம் வராது. மிருதங்கத்தில் மட்டும் வலந்தலையில் சுருதி நிற்கிறது. ஏன்? சர் சி.வி. ராமன் கல்கத்தாவில் இருந்தபோது இதை ஆராய்ந்து, 1920-ல் 'நேச்சர்' இதழில் சிவகாளி குமாருடன் சேர்ந்து எழுதினார். நோபல் பரிசு வாங்குவதற்குப் பத்து வருஷம் முன்பு. நடுவில் இருக்கிற கறுப்புக் கரணை தோலின் கனத்தை மையத்தில் கூட்டி, மேலொலிகளை 1, 2, 3, 4, 5 என்ற முழு எண் விகிதத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அந்தக் கரணை என்ன? கிட்டான் கல்லைப் பொடி செய்து சோற்றோடு பிசைந்து, பூசிப் பூசித் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய அடுக்கு. ராமன் கருவி வைத்துக் கண்டுபிடித்ததை அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே யாரோ காதால் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. தஞ்சாவூரில் பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்து போன்றவர்களைப் பற்றியே டி.எம். கிருஷ்ணா 2020-ல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று புத்தகம் எழுதிய பிறகுதான் பலர் பேச ஆரம்பித்தார்கள். தோலைப் பதம் பார்த்து மூட்டுப் பிடிக்கிறவர் ஒவ்வொரு பூச்சுக்கும் தட்டிக் கேட்டுத்தான் அடுத்த பூச்சு ஏற்றுகிறார். கேட்கத் தெரியாதவன் அந்த வேலையை ஒரு நாள்கூடச் செய்ய முடியாது. மேடையில் உட்கார்ந்து வாசிக்கிற நான் ஆறு வருஷம் கேட்காமல் ஓட்டியிருக்கிறேன்!

இன்னொன்றும் படித்தேன். பத்தாயிரம் மணி நேரம் பழகினால் யாரும் எதிலும் வல்லவனாகலாம் என்று ஒரு பேச்சு உலவுகிறது அல்லவா? விடுதிச் சுவரில்கூட யாரோ எழுதி ஒட்டியிருக்கிறீர்கள். அது 2008-ல் மால்கம் கிளாட்வெல் புத்தகத்தால் பரவியது. அதற்கு மூலம், 1993-ல் ஆண்டர்ஸ் எரிக்சனும் இன்னும் இருவரும் பெர்லினில் வயலின் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு. அந்த ஆய்வு வெறும் மணிக்கணக்கைப் பேசவில்லை. குறை எங்கே என்று பார்த்து, அதையே குறிவைத்து, முழுக் கவனத்தோடு பழகுவதைத்தான் அது பேசியது. நல்ல மாணவர்கள் ஒரே மூச்சாக நாள் முழுக்க வாசிக்கவில்லை. ஒன்றரை மணிக்கு மேல் போகாமல் பிரித்துப் பிரித்து வாசித்தார்கள், நன்றாகத் தூங்கவும் செய்தார்கள். எண் மட்டும் சுவரொட்டிக்கு வந்துவிட்டது, கவனம் விட்டுப்போய்விட்டது. ஆனால் அந்த ஆய்விலும் எனக்கு ஒரு குறை உண்டு. அந்தக் கவனமான சாதகம் இன்பமாக இருக்காது, கஷ்டமாகத்தான் இருக்கும் என்கிறார்கள். அவர்கள் தொம் அடங்குவதைக் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நம் தமிழில் 'லயம்' என்றால் தாளக்கட்டு என்கிறோம். 'லயித்துப் போனான்' என்றால் தன்னை மறந்து ஒன்றிப் போனான் என்கிறோம். இரண்டும் ஒரே சொல்தான் என்பது இத்தனை நாள் எனக்கு உறைக்கவில்லை.

இரண்டாவது மாதம் கொட்டைகள் அறுபதைத் தாண்டின. எழுபது. ஒரு நாள் எழுபத்தெட்டு. நானும் அக்காவும் அதைக் காலண்டரில் குறித்துக்கொண்டே வந்தோம். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை. வெளியே நல்ல மழை. மின்சாரம் இல்லை. அப்பா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் ஆரம்பித்தேன். ஒரு ஆவர்த்தனம், இன்னொன்று, இன்னொன்று... எப்போது கொட்டை தள்ளுவதை நிறுத்தினேன் என்று தெரியாது. கை தானாக இரண்டாம் காலத்துக்கு ஏறியது, ஏறியும் ஓடவில்லை. வேகம் கூடினாலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. மின்சாரம் வந்து பார்த்தால் கொட்டை அப்படியே இடது பக்கம் குவிந்து கிடக்கிறது, முக்கால் மணி ஆகியிருக்கிறது. அன்றைக்குக் காலண்டரில் என்ன போடுவது? அக்கா பூஜ்யம் என்று போட்டு அதைச் சுற்றி ஒரு பூவும் வரைந்து வைத்தாள்.

இதைச் சொல்லும்போது நான் பெரிய வித்வானாகிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். இப்போதும் சில நாள் முப்பது கொட்டை தாண்டாது. அரியர் ரிசல்ட் வந்த அன்று ஒன்பது. போன மாசி மாதம் அதே பஜனை மடத்தில் மறுபடி வாசித்தேன். சின்னத் தனிதான், பெரிய கோர்வை இல்லை. பாடகரின் கையைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன், சரியான இடத்தில் இறங்கினேன். கண் சிமிட்டின பெரியவர் அன்று வரவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்! வாத்தியார் இந்த முறையும் டீ வாங்கிக் கொடுத்தார், ஒன்றும் கேட்கவில்லை.

அப்பா மூன்று மாதம் முடிந்து, அதற்கு மேலும் இரண்டு வாரம் இருந்து, இலகுவான வேலை கேட்டு வாங்கிப் போனார். ஆனாலும் நைட் ஷிஃப்ட் தப்பவில்லை. முதல் நைட் முடிந்து வந்த காலை எங்கள் எல்லோருக்குமே பயமாக இருந்தது. அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். வந்தார், கை கால் கழுவினார், பழையது சாப்பிட்டார், பாயை விரித்தார். அன்று எனக்குக் கல்லூரி விடுமுறை. அம்மா என்னைப் பார்த்து, "இன்னைக்கு ஒரு நாளாச்சும் மனுஷனத் தூங்க வுடுடா" என்றார். அப்பா கண்ணை மூடிக்கொண்டே, "அவன் வாசிக்கட்டும்" என்றார்.

மெதுவாக ஆரம்பித்தேன். தா... தீ... தொம்... நம். நாலைந்து ஆவர்த்தனத்தில் குறட்டை கேட்க ஆரம்பித்தது. என்னுடைய நாற்பதை விடக் கொஞ்சம் விளம்பமான குறட்டை. காலப்பிரமாணத்தை இறக்கி அதோடு சேர்த்துக்கொண்டேன். கொட்டையை வெளியே எடுக்கவில்லை.